மொய் நோட்டும் எண்ணெய்ப் பீப்பாயும்

மதுரை நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவன் சென்ற மாதம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, வெனிசுவேலா தன்னுடைய எண்ணெயைப் பக்கத்துத் தீவுகளுக்கு 25 வருடக் கடனில் கொடுத்தது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. ரொக்கத்துக்கு விற்கிற பொருளைக் கடனுக்குக் கொடுத்தால் அந்த நாட்டுக்கு என்ன லாபம்?"

அவன் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். "உங்கள் வீட்டு மொய் நோட்டை எடுத்துப் பார், பாதி விடை அதில் இருக்கிறது" என்றேன். மீதிப் பாதியை அன்று நின்றுகொண்டே சொல்ல முடியவில்லை. அவனுக்காகவும், இதே கேள்வி உள்ள மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் காதுகுத்தோ கல்யாணமோ நடந்தால் பந்தி ஒரு பக்கம் ஓடும். வாசலில் மேசை போட்டு ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் ஊரும் பெயரும் தொகையும் எழுதுவார். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் செய்முறை. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, தவணைத் தேதியும் கிடையாது. ஆனாலும் அது கடன்தான் என்று இரு வீட்டாருக்கும் தெரியும். ஐந்நூறு வாங்கியவர் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிச் செய்வார். கூட்டிய தொகை அடுத்த விசேஷம் வரைக்கும் உறவை இழுத்துப் பிடித்திருக்கும். செய்ய வேண்டிய இடத்தில் செய்யாமல் விட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோகும். உள்ளாட்சித் தேர்தல் வந்தால் யார் யாருக்கு வேலை செய்வார்கள் என்பதில்கூட இந்த நோட்டுக்கு ஒரு பங்கு உண்டு.

எண்ணெய் வளமுள்ள ஒரு நாடு அண்டை நாட்டுக்கு உதவுவதும் பெருமளவு இப்படித்தான் நடக்கிறது. ஒரு பெரிய வேறுபாட்டை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செய்முறையில் இன்று வாங்கியவர் நாளை கொடுப்பவர் ஆவார், முறை மாறி மாறி வரும். எண்ணெய் உதவியில் கொடுப்பவர் எப்போதும் ஒரே வீட்டுக்காரர். அவருடைய பணமும் ஒரே கிணற்றிலிருந்து வருகிறது. அந்தக் கிணற்றில் தண்ணீர் ஏறினாலும் வற்றினாலும் தெரு முழுவதும் அது தெரியும்.

எண்ணெய்ப் பணத்தின் தனித்தன்மை இது. நம் அரசு ஒரு பாலம் கட்ட வேண்டுமானால் நம்மிடம் வரி வாங்க வேண்டும், அதற்கு நாம் கணக்குக் கேட்போம். எண்ணெய் நாட்டு அரசுக்கோ நிலத்தடியிலிருந்து எடுக்கும் செலவுக்கும் உலகச் சந்தையில் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள தொகை நேராகக் கருவூலத்துக்கு வந்துவிடுகிறது. 1973-இல் ஒரு பீப்பாய் ஏறக்குறைய 3 டாலர். அரபு–இஸ்ரேல் போரை ஒட்டி, 1974 தொடக்கத்தில் அது 12 டாலரை நெருங்கியது. ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர். எடுக்கும் செலவு மாறவில்லை, வரவு நான்கு மடங்கானது. குடிமக்களிடம் வாங்காத பணத்தை அண்டை நாட்டுக்குக் கொடுப்பதில் ஓர் ஆட்சியாளருக்கு உள்நாட்டில் பெரிய எதிர்ப்பு வருவதில்லை. சவுதி அரேபியா தன் வளர்ச்சி நிதியத்தை 1974-இல் தொடங்கியதும், எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் தன் நிதியத்தை 1976-இல் ஏற்படுத்தியதும் இந்த வெள்ளத்தில்தான்.

ஆனால் இதில் முன்னோடி குவைத். 1961 ஜூனில் அது விடுதலை பெற்றது. சில நாள்களிலேயே பெரிய அண்டை நாடான இராக், குவைத் தனக்குச் சொந்தம் என்று உரிமை கோரியது. அதே ஆண்டின் இறுதியில் அரபு நாடுகளுக்கு வளர்ச்சிக் கடன் கொடுக்கும் நிதியத்தைக் குவைத் தொடங்கியது. படைபலம் இல்லாத சிறிய பணக்கார வீடு, தெருவில் எல்லாருக்கும் செய்முறை செய்து தனக்குத் துணை தேடிக்கொண்டது. இதைக் குறையாக நான் சொல்லவில்லை. சிறிய நாட்டுக்கு அது நியாயமான தற்காப்பு.

இனி அந்தத் தம்பி கேட்ட கதை, தென் அமெரிக்க நாடான வெனிசுவேலாவும் அதை அடுத்த கரீபியக் கடல் தீவுகளும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

2005 ஜூன் 29 அன்று, ஹியூகோ சாவேஸ் அதிபராக இருந்தபோது, வெனிசுவேலாவில் 'பெட்ரோகரீபே' ஒப்பந்தம் கையெழுத்தானது. கியூபா, ஜமைக்கா, டொமினிகன் குடியரசு, கயானா உள்ளிட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. ஹைட்டி பின்னர் வந்தது. எண்ணெய் மலிவாகக் கொடுக்கப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள். மலிவு கிடையாது, சந்தை விலைதான். சலுகை இருந்தது பணம் கட்டும் முறையில். விலை 50 டாலரைத் தாண்டினால் விலைச்சீட்டில் 40 விழுக்காட்டைக் கடனாக நிறுத்திக்கொள்ளலாம். 100 டாலரைத் தாண்டினால் 50 விழுக்காடு. 2008-இல் விலை உச்சத்துக்குப் போனபோது இது 60 ஆக உயர்த்தப்பட்டது. கடனுக்கு வட்டி 1 விழுக்காடு, காலம் 25 ஆண்டு. பாக்கிப் பணத்தை 90 நாளில் கட்ட வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பீப்பாய் 60 டாலர், வாங்குவது ஒரு லட்சம் பீப்பாய். மொத்தம் 60 லட்சம் டாலர். 36 லட்சத்தை மூன்று மாதத்தில் கட்டிவிட வேண்டும், 24 லட்சத்தை 25 ஆண்டுகளில் கட்டலாம். ஆனால் அந்த எண்ணெய் அந்தத் தீவின் பெட்ரோல் பங்க்குகளிலும் மின் நிலையங்களிலும் முழு விலைக்கு விற்கப்படுகிறது. பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவர் தன் பங்கை முழுவதுமாகக் கொடுத்துவிடுகிறார். ஆக, வெனிசுவேலாவுக்கு இப்போது கட்ட வேண்டியிராத அந்த 24 லட்சம் யார் கையில் நிற்கிறது? உள்ளூர் அரசின் கையில். மக்கள் இன்று கொடுத்துவிட்ட பணத்தை அரசு தன்னிடம் வைத்துக்கொள்கிறது. அதன் கடனை நாளைய மக்கள் கட்டப்போகிறார்கள். இது புரிந்துவிட்டால் பெட்ரோகரீபேயின் அரசியல் முழுவதும் புரிந்துவிடும். எண்ணெய் என்ற உருவத்தில் வந்தது, ஆட்சியாளர்களுக்கான நீண்டகாலக் கடன்.

அந்தப் பணம் எத்தனை பெரிய ஆறுதலாக இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலர் வரை போனது. கரீபியத் தீவுகள் பலவற்றில் மின்சாரமே எண்ணெயை எரித்துத்தான் கிடைக்கிறது. மதுரையில் 2012-இல் நாளெல்லாம் மின்வெட்டில் கிடந்த நமக்கு, மின்சாரம் போனால் தறியும் லேத்தும் மாவு மில்லும் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கைகொடுத்த வீட்டை ஒரு தீவு நன்றியோடு நினைப்பது இயல்பு.

கடனைப் பொருளாகவும் அடைக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. கயானா அரிசி அனுப்பியது. நிகரகுவாவிலிருந்து இறைச்சியும் பீன்ஸும் போயின. கியூபா மருத்துவர்களை அனுப்பியது. அந்த ஏற்பாடு பெட்ரோகரீபேக்கும் முந்தியது. 2000-ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு 53,000 பீப்பாய் எண்ணெய்க்கு இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்திருந்தன. சோவியத் யூனியன் இருந்தவரை அதன் எண்ணெயை நம்பி இருந்த கியூபா, 1991-இல் அது உடைந்ததும் பட்டினி வரை போன நாடு. பத்தாண்டுக்குள் இன்னொரு வீட்டுக் கிணற்றை நம்ப வேண்டிய நிலை.

கயானாவின் அரிசி விஷயத்தை மேலூர் விவசாயியாக நின்று பாருங்கள். உலகச் சந்தையை விடக் கூடுதல் விலைக்கு ஒரே வாங்குபவர் கிடைக்கிறார். பெரியாறு பாசனத்தில் பயிர் வைப்பவர் என்ன செய்வார்? இருக்கிற நிலமெல்லாம் நெல் வைப்பார், டிராக்டருக்குக் கடன் வாங்குவார். 2009 முதல் கயானாவில் அப்படித்தான் நெல் பெருகியது. 2015-இல் வெனிசுவேலா அந்த ஏற்பாட்டை நிறுத்தியது. அதே ஆண்டு கயானாவின் கடலில் பெரிய எண்ணெய் வளம் கண்டறியப்பட்டது. கயானாவிடம் இருக்கும் எஸ்ஸெகிபோ நிலப்பகுதி தன்னுடையது என்ற வெனிசுவேலாவின் பழைய உரிமைக்கோரலும் மீண்டும் சூடு பிடித்தது. இரு அரசுகளின் மனக்கசப்பு, அதுவரை அரசியலே பேசியிராத ஒரு விவசாயியின் களத்துக்கு வந்து சேர்ந்தது. உதவி உறவு எத்தனை ஆழமாகப் பொருளாதாரத்துக்குள் இறங்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே கடனை வாங்கிய நாடுகள் அதை எப்படிக் கையாண்டன என்பது இன்னொரு பாடம். ஜமைக்கா அந்தப் பணத்தைத் தனி நிதியமாக வைத்து நிர்வகித்தது. 2014 நடுவில் 115 டாலர் இருந்த எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே விழுந்தது. ரொக்கத்துக்குத் தவித்த வெனிசுவேலா, வரவேண்டிய கடன்களைப் பாதி விலைக்கு விட்டுக்கொடுக்க முன்வந்தது. டொமினிகன் குடியரசு 2015 ஜனவரியில், 400 கோடி டாலர் கடனைச் சுமார் 193 கோடி கொடுத்துத் தீர்த்தது. ஜமைக்கா அதே ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 300 கோடியை 150 கோடிக்கு முடித்தது. கொடுத்தவர் நொடித்ததால் வாங்கியவருக்குப் பாதிக் கடன் குறைந்தது.

ஹைட்டியின் கதை வேறு. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு வெனிசுவேலா அதன் பழைய கடனில் 39.5 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தது. அதையும் சேர்த்து, பத்தாண்டில் 200 கோடி டாலர் அளவுக்குப் பணம் அந்நாட்டு அரசின் வழியாகப் போனது. மருத்துவமனை, சாலை, வீடு என்று பெயர்கள் மட்டும் தாளில் இருந்தன. பல இடங்களில் அரைகுறைச் சுவர்கள்தான் நின்றன. நாட்டின் தணிக்கை நீதிமன்றம் 2019-இல் வெளியிட்ட அறிக்கைகளில், ஒரே சாலைப் பணிக்கு இரண்டு ஒப்பந்தங்கள் போடப்பட்டதுவரை வெளிவந்தது. வெனிசுவேலாவிலிருந்து எண்ணெய் வரத்து நின்ற பிறகு, 2018 ஜூலையில் அரசு எரிபொருள் விலையை ஏற்றியது. பெட்ரோல் 38 விழுக்காடு, டீசல் 47, மண்ணெண்ணெய் 51. விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் ஏழைக்குத்தான் அதிகச் சுமை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற என் அம்மாவை நினைத்தபோது அந்த 51 என்ற எண்ணைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. கலவரம் மூண்டது, உயர்வு திரும்பப் பெறப்பட்டது, பிரதமர் பதவி விலகினார். அடுத்த மாதமே "பெட்ரோகரீபே பணம் எங்கே?" என்ற கேள்வி சமூக ஊடகத்தில் கிளம்பி, தெருவில் இறங்கியது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்கள் வாங்காத கடன், அவர்கள் பெயரில் இருந்தது.

நாடுகளின் அவையில் இதன் பலன் எப்படித் தெரிந்தது? 2017 ஜூனில் மெக்சிகோவின் கான்கூன் நகரில், வட, தென் அமெரிக்க நாடுகளும் கரீபியத் தீவுகளும் சேர்ந்த அமெரிக்க நாடுகள் அமைப்பு கூடியது. வெனிசுவேலாவில் நடந்த அடக்குமுறையைக் கண்டிக்கும் தீர்மானத்துக்கு 23 வாக்கு தேவைப்பட்டது, கிடைத்தது 20. எதிர்த்தவை 5 நாடுகள், வாக்களிக்காமல் ஒதுங்கியவை 8. எதிர்ப்பிலும் ஒதுங்கலிலும் கரீபியத் தீவுகள் முன்னால் நின்றன. அந்த அவையில் ஒரு லட்சம் மக்கள் உள்ள தீவுக்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு. சாவேஸ் அந்தத் தீவுகளைத் தேடிப்போனதில் இந்தக் கணக்கும் இருந்தது. அண்டை நாடுகள் ஒன்றாக நிற்க வேண்டும் என்று அவர் உண்மையிலேயே நம்பினார் என்பதும் சரி. இரண்டும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

வளைகுடாவில் இதே செய்முறை இன்னும் கடுமையாக நடந்திருக்கிறது. 1967 போரில் தோற்று, சூயஸ் கால்வாய் வருவாயை இழந்து நின்ற எகிப்துக்குச் சவுதியும் குவைத்தும் லிபியாவும் ஆண்டுதோறும் பணம் தருவதாகச் சூடானின் கார்ட்டூம் மாநாட்டில் ஒப்புக்கொண்டன. அதே மாநாட்டில்தான், சவுதிக்கு எதிர்த்தரப்பாக யேமன் உள்நாட்டுப் போரில் நின்ற எகிப்தியப் படை வெளியேற உடன்பாடு ஆனது. 1978-இல் எகிப்து இஸ்ரேலோடு சமாதானத்துக்குப் போனதும் அரபு நாடுகளின் உதவி நின்றது.

பணம் மட்டும் உதவி இல்லை, வேலையும் உதவிதான். இதை நம் பக்கத்து வீடுகள் நன்றாக அறியும். துபாயிலும் குவைத்திலும் உழைத்த பணத்தில் எழுந்த மாடி வீடுகள் மதுரைப் புறநகரிலும் மேலூர், சிவகங்கை சாலைகளிலும் எத்தனையோ உண்டு. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் விமானத்தில் திரும்பினார்கள். போர் முடிந்ததும் பலர் மறுபடி போனார்கள். யேமன் நாட்டவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்களின் அரசு, இராக் மீது வெளிநாட்டுப் படை பாய்வதை ஏற்கவில்லை. அந்த இலையுதிர் காலத்திலேயே சவுதி அரேபியா, அங்கே தங்கி வேலை செய்ய யேமனியர் அதுவரை பெற்றிருந்த தனிச்சலுகையை நீக்கியது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் ஊர் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 29 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் படைபலத்துக்கு அனுமதி கொடுத்த தீர்மானத்தை எதிர்த்து யேமனும் கியூபாவும் மட்டும் வாக்களித்தன; யேமனுக்கான அமெரிக்க உதவியும் சுருங்கியது. அந்த எட்டு லட்சம் பேரில் யாரிடமும் எப்படி வாக்களிக்கலாம் என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

செய்முறையைத் திருப்பிக் கொடுத்து உறவை முறிப்பது நம் ஊரில் மிகக் கடுமையான செயல். பணத்தை ஆள் மூலம் அனுப்பி, நோட்டில் பெயரை அடித்துவிடச் சொல்வார்கள். 2013-இல் எகிப்து அதையே செய்தது. அதிபர் முர்சிக்கு முட்டுக்கொடுத்தது கத்தார். ஜூலையில் ராணுவம் அவரை நீக்கியதும், சில நாள்களுக்குள் சவுதியும் அமீரகமும் குவைத்தும் சேர்ந்து 1,200 கோடி டாலர் அறிவித்தன. செப்டம்பரில் கத்தாரின் 200 கோடி டாலர் வைப்புத்தொகையை எகிப்து திருப்பிக் கொடுத்துவிட்டது.

2020-இல் பாகிஸ்தானுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுவே, திசை மட்டும் வேறு. காஷ்மீர் விஷயத்தில் சவுதி தனக்குத் துணை நிற்கவில்லை என்று பாகிஸ்தான் வெளிப்படையாகக் குறைப்பட்ட அந்த ஆண்டில், 2018-இல் கொடுத்த கடனில் 100 கோடி டாலரைச் சவுதி முன்கூட்டியே திரும்ப வாங்கியது. பாகிஸ்தான் அதைச் சீனாவிடம் வாங்கிக் கட்டியது. ஒரு வீட்டு மொய்யை அடைக்க இன்னொரு வீட்டில் கைமாற்று.

தம்பி இந்த இடத்தில், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கக்கூடும். கடல் தாண்டினால் இலங்கை. 2022 நெருக்கடியில் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்நாட்டுக்கு, எரிபொருள் வாங்குவதற்கென்றே இந்தியா 50 கோடி டாலர் கடன் வசதி அளித்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால் பவுடரும் மருந்தும் கப்பலில் போயின. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2021 டிசம்பரில் இலங்கை ஈரானோடு ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. முன்பு வாங்கிய எண்ணெய்க்கான பாக்கி சுமார் 25 கோடி டாலர். அதை மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையாக அடைப்பது என்று முடிவானது. கயானாவின் அரிசியைப் போன்றதுதான். அரசு உள்நாட்டில் ரூபாயில் தேயிலைக்குப் பணம் தரும், தேயிலை தெஹ்ரானுக்குப் போகும், டாலர் எங்கும் கைமாறாது.

அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவர்கள் மலையகத் தமிழர். மதுரை, ராமநாதபுரம், திருச்சி ஜில்லாக்களிலிருந்து பஞ்சம் பிழைக்க மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த ஒப்பந்தம் பேசப்பட்ட 2021-இல்தான் அவர்களுடைய நாள் கூலி 1,000 இலங்கை ரூபாயாக உயர்ந்தது, அதுவும் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு. மாதம் 50 லட்சம் என்றால் 25 கோடிக்கு 50 மாதம். நான்கு வருடமும் இரண்டு மாதமும் அவர்கள் கிள்ளும் கொழுந்தில் ஒரு பகுதி, என்றோ எரிந்து தீர்ந்த எண்ணெய்க்குப் போகும்.